சமன்பாட்டுக்கும் பார்டர் போட்டவர்

உலகத்திலேயே சமன்பாடுகளை அழகு பார்த்துத் திருத்திய ஒரே மனிதர் எங்கள் அரியலூரில்தான் இருந்தார். மற்றவர்கள் எல்லாம் கணக்கு சரியா, தப்பா என்றுதான் பார்ப்பார்கள். லட்சணமாக இருக்கிறதா என்று பார்த்தவர் இவர் ஒருவர்தான். அவருக்கு இயற்பியல் தெரியாது, வேதியியல் தெரியாது, கணக்கு அறவே வராது. ஆனால் ஆறு மெட்ரிக் பள்ளிகளின் கணக்கு, அறிவியல் கேள்வித்தாள்கள் அவர் கைபடாமல் வெளியே வந்ததில்லை.

ஊருக்கு அவர் 'பார்டர்'. ரயிலடிக்குப் போகிற வழியில் டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை அடிப்பதுதான் தொழில். எதை அடிக்கக் கொடுத்தாலும் சுற்றிலும் ஒரு பூ பார்டர் போட்டுத்தான் தருவார். லீவ் லெட்டராக இருந்தாலும் சரி, போலீஸ் புகாராக இருந்தாலும் சரி. வாசலில் சிமெண்ட் லாரி போனால் உடனே எழுந்து கம்ப்யூட்டர் மேல் பழைய வேட்டியைப் போர்த்துவார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு லாரி போகிற ரோடு அது. ஒரு பக்கம் அடித்து முடிக்க அரை நாள் ஆகிவிடும்.

அரியலூரை மாவட்டமாக்கி, சூட்டோடு சூடாக மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்ட சமயம். நான் பி.எட். முடித்த கையோடு ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். தற்காலிக வேலைதான். சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்த அப்பா முதுகுவலியோடு படுத்துவிட்டார். என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அரிசி மில் வைத்து முன்னுக்கு வந்த எங்கள் தாளாளருக்கோ ஒரே பிடிவாதம். "கேள்வித்தாளு பூரா கம்ப்யூட்டர்லதான் வரணும். கையால எழுதுற பள்ளிக்கூடம்னு ஒரு பய சொல்லக்கூடாது!"

கம்ப்யூட்டரில் ஈக்குவேஷன் எடிட்டர் என்று ஒன்று உண்டு. பின்னம், வர்க்கமூலம், அடுக்கு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும். பொறுக்கிப் பொறுக்கிப் போட வேண்டும். அதற்குள் ஸ்பேஸ் பார் வேலை செய்யாது. இது தெரியாமல் பார்டர் முதல் தடவை கேள்வி முழுவதையும் அதற்குள்ளேயே அடித்துவிட்டார். இடைவெளியே இல்லாமல், அத்தனை எழுத்தும் சாய்ந்துகொண்டு, ஒரு பெரிய கேள்வி ஒரே வார்த்தையாக வந்து நின்றது.

"என்னாண்ணே இது? மனுஷன் படிக்க முடியுமா?"

"கணக்குன்னா புரியாமத்தான் இருக்கும்னு நெனச்சேன் டீச்சர்" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

பத்தே நாளில் அந்த எடிட்டரைக் கரைத்துக் குடித்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். குறிகளுக்கு அவரே பெயர் வைத்தார். வர்க்கமூலம் 'கூரை'. தொகையீட்டுக் குறி 'பாம்பு'. முடிவிலி 'படுத்த எட்டு'. தாளாளர் அவரைப் பள்ளிக்கே கூட்டி வந்து எங்களுக்கும் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கும் வகுப்பு எடுக்கச் சொன்னார். அதன் பலனாக ஒரு நாள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இந்தப் பாம்புக்கு வால்ல சைபரா, ஒன்னா?" என்று கேட்டான். "சைபர்தான், தலையிலதான் ஒன்னு" என்று நானும் சொல்லித் தொலைத்தேன்.

சரி, பெயரோடு விட்டாரா? இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை அடிக்கக் கொடுத்தேன். மேலே கூரையும் எழுத்துகளுமாக நீளமாக இருக்கும், கீழே 2a மட்டும். ஆள் அந்த 2a-வைக் கடைப் பெயர்ப்பலகை அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார். "மேல இவ்ளோ கனம். கீழ இத்துனூண்டு ரெண்டு தாங்குமா?" என்று என்னையே கேட்டார். ஒரு பக்கம் மட்டும் அடைப்புக்குறி வருகிற கணக்குகளில் மறுபக்கமும் ஒன்று போட்டு மூடிவிடுவார். "தொறந்த கதவ அப்படியே வுட்டுட்டா போவாங்க?" கந்தக அமிலத்தின் வாய்பாட்டில் 2 கீழேயும் 4 மேலேயும் இருப்பதைப் பார்த்து எங்கள் வேதியியல் சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டும் கீழயே கெடந்தா ஒரு எடுப்பு வேணாமா சார்?" என்று அவருக்கும் பதில் கிடைத்தது.

புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாலும் நிம்மதி கிடையாது. நாம் படியிறங்கிய பிறகுதான் அவருக்கு யோசனையே வரும். ஒரு முறை அப்படித்தான், நான் பார்த்துக் கொடுத்த காலாண்டுத் தாள் கும்பிடுகிற இரண்டு கைகளோடு அச்சாகி வந்தது. தாளாளர் என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார்.

பிறகு வந்தது பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வு. ஆறு பள்ளிக்கும் பொதுவாக ஒரே கணக்குத் தாள், தயாரிப்பது நான். "இதுல ஒரு தப்பு வந்திச்சின்னா நீ வூட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கலாம்மா" என்று தாளாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நான் நேராகக் கடைக்குப் போய், கல்லங்குறிச்சிப் பெருமாள் மேல் பார்டரிடம் சத்தியம் வாங்கினேன். ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. நான் எழுதியது எழுதியபடி வர வேண்டும்.

அடித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"டீச்சர், ஒன்னே ஒன்னு..."

"அண்ணே! சத்தியம்!"

"இல்ல டீச்சர், இந்தப் பக்கம் பாத்தா..."

"பாக்காதீங்க! உங்கள யாரு பாக்கச் சொன்னா? அடிங்கண்ணே, போதும்!"

வாயை மூடிக்கொண்டு அடித்தார். புரூஃப் வந்தது. நான் எழுதியது எழுதியபடியே இருந்தது. பூ பார்டர்கூட இல்லை. ஜெயித்துவிட்ட மிதப்பில் கையெழுத்துப் போட்டேன்.

தேர்வன்று அறையில் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், கட்டாயக் கேள்வி வரமாட்டேங்குது." நல்லாப் போடு, வரும் என்று அதட்டி உட்கார வைத்துவிட்டு, நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. எப்படி வரும்? சைன், காஸ் இரண்டையும் வைத்து இடப்பக்கமும் வலப்பக்கமும் சமம் என்று நிரூபிக்கிற கணக்கு. இரு பக்கமும் நடுவில் கழித்தல் குறி வர வேண்டும். நான் அவசரத்தில் இடப்பக்கம் கூட்டல் போட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். பார்டர் தலையைச் சாய்த்துப் பார்த்தது அதைத்தான். ஆறு பள்ளியிலும் அத்தனை பிள்ளைகளும் நடக்காத ஒன்றை நிரூபிக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பள்ளியில் பதினோரு பேர் நிரூபித்தும் காட்டியிருந்தார்கள். அது தனிக் கதை.

மறுநாள் தாளாளர் அறையில் விசாரணை. ஒரு பக்கம் நான், மறு பக்கம் பார்டர். அவர் சட்டைப் பையில் என் கைப்பிரதி மடித்து இருந்தது வெளியே தெரிந்தது. நீல மசியில், என் கையெழுத்தில், அந்தக் கூட்டல் குறியோடு. அதை அவர் எடுத்து நீட்டினால் எனக்கு அன்றோடு வேலை முடிந்தது. அப்பா முகம்தான் கண் முன்னால் வந்தது.

"யாரு தப்புய்யா இது?" என்றார் தாளாளர்.

"என் தப்புதாங்க" என்றார் பார்டர், மூச்சுகூட விடாமல். "டீச்சர் சரியாத்தாங்க எழுதியிருந்தாங்க. இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, பாக்க சப்புன்னு இருந்திச்சி. கையெழுத்துப் போட்டுட்டு அவங்க போனப்பறம் நான்தான் இதுக்குக் குறுக்க ஒரு கோடு இழுத்தேன். எடுப்பா இருந்திச்சிங்க."

"நெனச்சேன்யா!" என்று தாளாளர் மேசையைத் தட்டினார். "கேள்வித்தாள்ல கும்புடு போட்ட ஆளுதானே நீ! இந்த வேலைய வேற எவன் செய்வான்?"

ஒரு நொடிகூட அவர் சந்தேகப்படவில்லை. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், வரவழைக்க நான் பெரிதாக முயலவும் இல்லை. அன்றோடு ஆறு பள்ளிகளின் வேலையும் பார்டர் கடையை விட்டுப் போனது. எனக்கு வேலை நிலைத்தது. வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

சாயங்காலம் கடைக்கு ஓடினேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? நான் செஞ்சேன்னு சொன்னாதான் அந்த மனுஷன் நம்புவாரு. வைகாசில முகூர்த்தம் கொட்டிக் கெடக்கு, எனக்குப் பத்திரிகை அடிக்கவே கை பத்தாது. நீங்க போயி எங்க வேல தேடுவீங்க?" என்றவர், திடீரென்று குரலை உயர்த்தினார். "ஆனா ஒன்னு டீச்சர், ஒன்னே ஒன்னுன்னு சொல்ல வந்தவன் வாய அடைச்சீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆறவே இல்ல!"

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வாசகத்தை எழுதி எடுத்துக்கொண்டு அவர் கடைக்குத்தான் போனேன். எனக்கு உடன்பிறந்த அண்ணன் கிடையாது. அண்ணன் பெயர் போடுகிற இடத்தில் பார்டர் என்று போட முடியுமா? அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று முதல் நாளே ஊரில் நாலு பேரிடம் விசாரித்து எழுதியிருந்தேன்.

மளமளவென்று அடித்துக்கொண்டு வந்தவர் அந்த வரியில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியைவிட்டு எழுந்து, "இந்த ஒரு வரிய மட்டும் நீங்களே அடிங்க டீச்சர், எனக்குக் கை வரல" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

ஒரு விரலால் தேடித் தேடி நான்தான் அடித்தேன். பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். மாப்பிள்ளை பெயரைக்கூட நான் அத்தனை கவனமாகப் பார்க்கவில்லை.