ஆர்வில் வீட்டு நிலவறை

பழைய ரைபிள் சேர்ப்பவன் என்று ஓர் இனம் உண்டு. அவனை வேட்டைக்காரனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேட்டைக்காரனுக்கு ஒரு துப்பாக்கி போதும். மான் கிடைத்தால் தின்பான், கிடைக்காவிட்டால் பொய் சொல்வான், அதோடு அவன் சோலி முடிந்தது. நான் சொல்லும் ஆசாமி சுடுவதே அபூர்வம். வாங்குவான், துடைப்பான், எண்ணெய் போடுவான், அதன் மரக்கட்டையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி முகர்வான், பிறகு போர்வையில் சுற்றிப் படுக்கவைத்துவிட்டு அடுத்ததைத் தேடிப் போவான். அமெரிக்காவின் வடகோடியில், எங்கள் வடக்கு டகோட்டாவில் தெருவுக்கு ஒருவனாவது தேறுவான். என் தெருவில் அது நான்.

எப்படி அடையாளம் காண்பது? பேச்சை வைத்துத்தான். 'வாங்கினேன்' என்ற சொல் அவன் வாயில் வரவே வராது. "கிடைச்சுது" என்பான். "வந்து சேர்ந்துது" என்பான். "விட்டுட்டு வர மனசு வரல" என்பான், ஏதோ அந்த ரைபிள் பனியில் நடுங்கிக்கொண்டு சாலையோரம் நின்று இவனைப் பார்த்து அழுதது போல. சாப்பாட்டு மேசையில் ஒரு கீறல் விழுந்தால் வீட்டையே இரண்டாக்குவான். ரைபிள் கட்டையில் கையகலம் பெயர்ந்திருந்தால் அது சரித்திரம். எந்தப் போர்க்களத்தில் விழுந்த அடியோ என்று தடவித் தடவி உருகுவான். லாரியிலிருந்து இறக்கும்போது எவனாவது கீழே போட்டிருப்பான் என்று சொல்லிப் பாருங்கள், உங்களோடு பேசமாட்டான்.

சனிக்கிழமை காலையில் தானியக் கிடங்குக்குப் பக்கத்துக் காபிக் கடை வாசலில் கூடுவோம். வெளியே எச்சில் துப்பினால் தரையைத் தொடுமுன் உறைந்துவிடும் குளிர். ஆனாலும் பிக்கப் வண்டிகளின் பின்கதவைத் தாழ்த்தி, அதில் போர்வையை விரித்து, புதிதாக வந்து சேர்ந்ததைப் பெண் பார்க்க உட்காரவைப்பது போல வைப்போம். சுற்றி நின்று தொண்டையைச் செருமுவோம். பிறகு ரைபிளின் தாழைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்து, ஆளுக்கு ஆள் கைமாற்றி, குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்து, கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்போம்.

"நம்பரெல்லாம் ஒத்துப்போகுதா?"

ஒவ்வொரு உறுப்பிலும் ஓர் எண் பொறித்திருக்கும், எல்லாம் ஒரே எண்ணாக இருக்கவேண்டும். ஜாதகப் பொருத்தம் இதைவிடச் சுலபம்.

"தாழ்ல இருக்கிற நம்பர் மட்டும் வேற," என்றான் டெல்மர் ஒருநாள், தன் பின்லாந்து ரைபிளைக் காட்டி, தலையைக் குனிந்துகொண்டு.

"ஐயோ பாவம்," என்றான் லைல். "பரவால்லடா, சுவத்துல மாட்டினா யாருக்குத் தெரியப் போவுது."

லைல் அப்படித்தான். டெல்மர் வாயில்லாப் பூச்சி, வானொலி பழுது பார்ப்பவன். இன்னொருவன் பேசும்போது குறுக்கே பேசியதில்லை. லைல் விவசாய இயந்திரம் விற்பவன். இன்னொருவன் பேசி முடித்ததையே அவன் கேட்டதில்லை. யார் எதைக் கொண்டுவந்தாலும் அதைவிட நல்லது ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்து, வேண்டாமென்று வைத்துவிட்டு வந்ததாகச் சொல்வான்.

எங்கள் எல்லோருக்கும் பொதுவான சங்கடம் ஒன்று உண்டு. அதற்குக் கல்யாணம் என்று பெயர்.

என் மனைவி மார்லிஸ் நல்லவள். ஆனால் எண்ணத் தெரிந்தவள். "இதுதான் கடைசி" என்று நான் சொன்னதை அவள் பலமுறை கேட்டிருக்கிறாள், கேட்ட இடம், அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டை உட்பட நினைவு வைத்திருக்கிறாள். "இது செலவு இல்ல, முதலீடு" என்றால், "அப்போ வித்துக் காட்டு" என்கிறாள். விற்பதா? இதைப் புரியாதவளோடு என்ன பேசுவது?

ஆகவே நாங்கள் ஆர்வில் வீட்டு நிலவறையைக் கண்டுபிடித்தோம்.

ஆர்வில் எங்களில் மூத்தவர், தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பெர்னடீன் துப்பாக்கிக்கு முகம் சுளிக்காத அதிசயப் பெண். கூடத்திலேயே கண்ணாடி அலமாரி வைத்து அவருடைய நான்கைந்து ரைபிள்களை அவளே துடைத்து அடுக்குவாள். முட்டிவலி காரணமாக நிலவறைப் படியில் அவள் இறங்கி ஆண்டுக்கணக்காகிறது. அங்கே, கணப்பு எரியும் அறைக்குப் பின்னால், ஊறுகாய் ஜாடிகள் நின்ற பலகையை நகர்த்தினால் நல்ல உலர்ந்த சந்து. முதலில் டெல்மர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான், "ரெண்டு வாரத்துக்குத்தான்" என்று. பிறகு லைல். பிறகு நான்.

நான் வைத்தது என்ன தெரியுமா? நார்வே நாட்டு ராணுவ ரைபிள். பக்கவாட்டில் சின்ன அலமாரிக் கதவு போலத் திறக்கும் தோட்டா அறை, எண்ணெயில் ஊறி ஊறித் தேன் நிறமான கட்டை, எல்லா எண்ணும் ஒரே எண். எங்கள் குடும்பம் அங்கிருந்து கப்பலேறி வந்த அதே ஆண்டில் செய்தது. மாதத்தில் ஒருநாள் ஆர்வில் வீட்டுக்குப் போய், அவர் மேலே பெர்னடீனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, நான் கீழே அதோடு உட்கார்ந்துவிட்டு வருவேன். ஆர்வில் ஒருநாளும் குறைசொன்னதில்லை. "பொண்டாட்டிகிட்டச் சொல்லிடு கோர்டி, வயித்துக்கு நல்லது," என்பார். அவ்வளவுதான்.

மார்ச் மாதம், வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தபோது அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்துக் கீழ்க்கூடத்தில் பன்றி இறைச்சி ரொட்டியும், தட்டோடு அடுப்பில் வேகவைக்கும் உருளைக்கிழங்குச் சுடுபதார்த்தமும் வைத்தார்கள். நான் அழுதேன். உண்மையாகத்தான் அழுதேன். ஆனால் அழுதுகொண்டே எதிர் வரிசையில் லைலைப் பார்த்தேன். அவனும் அழுதுகொண்டே என்னைப் பார்த்தான். இரண்டு பேர் கண்ணிலும் ஊறுகாய் ஜாடிகள் தெரிந்தன.

இரண்டு நாள் பொறுத்து, மார்லிஸ் செய்த சுடுபதார்த்தத்தை ஏந்திக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போனேன். வாசலில் லைலின் வண்டி ஏற்கெனவே நின்றது. உள்ளே அவன் மடியில் வாழைப்பழ ரொட்டியோடு உட்கார்ந்திருந்தான். பெர்னடீன் எங்கள் இருவரையும் பக்கத்தில் இருத்தி, கல்யாணப் புகைப்படங்களைக் காட்டினாள். ஒல்லியான ஆர்வில், மீசை வைத்த ஆர்வில், ஏரியில் மீன் பிடிக்கிற ஆர்வில்.

"நீங்க ரெண்டு பேரும் இப்படி வர்றதப் பாத்தா எவ்வளவு ஆறுதலா இருக்கு தெரியுமா," என்றாள் அவள்.

அதற்குமேல் கீழே ஒருதரம் போய்வரட்டுமா என்று எந்த வாயால் கேட்பது? வெளியே வந்ததும் லைல், "கணப்பு சரியா எரியுதான்னு பாக்கவான்னு கேட்டேன், இப்பதான் ஆள் வந்து பாத்துட்டுப் போனானாம்," என்றான், நியாயம் கேட்பவனைப் போல.

அடுத்த ஞாயிறு பெர்னடீனே எங்கள் மூவரையும் கூப்பிட்டாள். நிலவறையை ஒழுங்கு பண்ணவேண்டும், பெண்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரே தூசு என்று.

பெண்களையும்!

போனோம். பெர்னடீன் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கியிருந்தாள். ஊறுகாய்ப் பலகை நகர்ந்து கிடந்தது. மேசைப்பந்து ஆடும் மேசைமேல், போர்வை பிரித்து, எங்கள் பாவங்கள் அனைத்தும் வரிசையாகப் படுத்திருந்தன. எங்கள் மனைவிகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். நான் சுவரிலிருந்த பழைய நாட்காட்டியை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினேன்.

ஆனால் பெர்னடீன் எங்களைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மேல இருக்கிறது மட்டுந்தான்னு சொன்னாரு," என்றாள். "என்கிட்ட எதையும் மறைக்கமாட்டார்னு நெனச்சிட்டிருந்தேன். வேண்டாம்னு நான் ஒருநாளாவது சொன்னேனா? எதுக்கு இத ஒளிச்சு வெச்சாரு? இன்னும் என்னென்ன என்கிட்டச் சொல்லாம போனாரோ." குரல் உடைந்துவிட்டது. மார்லிஸ் போய் அவள் தோளை அணைத்துக்கொண்டாள். அணைத்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பி, "நீங்கள்லாம் அவரோட சிநேகிதங்கதானே? உங்களுக்காவது தெரியுமா?" என்றாள்.

எவ்வளவு எளிய கேள்வி பாருங்கள். ஒரு நல்ல மனிதன், வாழ்நாளில் மனைவியிடம் எதையும் மறைக்காதவன், எங்களுக்காக மறைத்த ஒரே விஷயத்துக்காக, பதில் சொல்ல வாயில்லாத நேரத்தில் பொய்யனாகிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு நாக்கு இருந்தது. நாட்காட்டியில் ஜூன் மாதத்துக்குப் போய்விட்டிருந்தேன்.

டெல்மர்தான் முன்னே வந்தான். ஒருவர் பேச்சிலும் குறுக்கிடாத டெல்மர்.

"அந்தப் பின்லாந்து ரைபிள் என்னுது," என்றான். "பக்கத்துல இருக்கிற ரெண்டும் என்னுதுதான். ஆர்வில் ஒண்ணும் மறைக்கல பெர்னடீன். நாங்கதான் எங்க வீட்டுக்குப் பயந்து இங்க கொண்டாந்து வெச்சோம். அவரு பாவம், முடியாதுன்னு சொல்லத் தெரியாதவரு."

டெல்மரின் மனைவி ஜெனெல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணா?" என்றாள். "மூணு," என்றான் டெல்மர். "வீட்டுக்கு வா பேசிக்கலாம்," என்றாள் அவள். அவன் முகத்தில் பல் பிடுங்கிக்கொண்டவனின் நிம்மதி.

பெர்னடீன் கண்ணைத் துடைத்தாள். "அப்ப மத்ததெல்லாம்?"

லைல் நெஞ்சை நிமிர்த்தினான். வீசும் காற்றை மோப்பம் பிடிப்பதில் அவனுக்கு நிகர் யார்? ஒப்புக்கொள்வது இப்போது வீரம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "இது என்னுது. அதுவும் என்னுது," என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான். மிச்சம் ஒன்று. பெர்னடீன் அதைக் கையில் எடுத்தாள். தேன் நிறக் கட்டை.

"இது? இது மட்டுமாவது ஆர்விலோடதா?"

சொல்லவேண்டிய கணம் அதுதான். சொல்லிவிட்டேன் என்றே நினைத்தேன். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். மார்லிஸ் என்னைப் பார்த்தாள். திறந்த வாயிலிருந்து, "காபி இருக்கா?" என்று வந்தது.

லைல் என்னைப் பார்த்தான். ரைபிளைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம் வந்ததை நான் இறக்கும்வரை மறக்கமாட்டேன்.

"அதுவும் என்னுதுதான் பெர்னடீன்," என்றான். "சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அட, நீங்க ஏம்ப்பா வெக்கப்படணும்!" என்று அவள் அழுகையும் சிரிப்புமாக அவன் கன்னத்தில் முத்தமிட்டாள். "என் மனுசன் பொய் சொல்லல. அது போதும் எனக்கு." ஆர்வில் மீண்டும் நல்லவரானார். லைல் மாவீரனானான். பிறகு அவள் என் பக்கம் திரும்பி, எல்லோர் காதிலும் விழ, "இந்தக் கூட்டத்திலேயே நீ ஒருத்தன்தான் யோக்கியன் கோர்டி," என்றாள்.

ஜெனெல் தன் கணவனிடம், "பாத்தியா? கோர்டியப் பாத்துக் கத்துக்கோ," என்றாள். டெல்மர் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். குனிந்து தன் மூன்றையும் போர்வையில் சுற்றத் தொடங்கினான். லைல் செய்ததைவிட எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

திரும்பும் வழியில் மார்லிஸ் என் முழங்கையில் கை வைத்திருந்தாள். வயல் பனியைப் பார்த்துக்கொண்டு, "அந்தக் கடைசித் துப்பாக்கி அழகா இருந்துச்சு இல்ல?" என்றாள்.

"ம்," என்றேன்.

"பக்கத்துல சின்னதா ஒரு கதவு. அப்படி ஒண்ணு உன்கிட்ட இருந்திருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டேன்."

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்கலாம்தான். எப்படிக் கேட்பது?

டெல்மரின் மூன்றும் இப்போது அவன் வீட்டுக் கூடத்தில், சுவரில், எல்லோரும் பார்க்கத் தொங்குகின்றன. ஜெனெல் கொஞ்ச நாள் கத்தினாள், பிறகு அவளே மாட்டுகிற இடத்தை மாற்றிக் கொடுத்தாளாம். பெர்னடீன் எனக்கு வாரா வாரம் வாழைப்பழ ரொட்டி அனுப்புகிறாள், யோக்கியதைக்கு மரியாதையாக. நானோ சனிக்கிழமை தோறும் லைலின் வண்டிப் பின்கதவருகே நின்று, அவன் போர்வையை விரிப்பதைப் பார்த்து, பக்கவாட்டுக் கதவை அவன் முரட்டுத்தனமாகத் திறந்து மூடும் சத்தத்தைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு, "பிரமாதம் லைல், எங்க கிடைச்சுது?" என்று கேட்கிறேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை, இந்த நோய் உங்களுக்கு வராது என்று நினைக்கிறீர்கள். சரி. பரணில் இருக்கும் பழைய கேமராக்களை விடுங்கள், மேசை இழுப்பறையில் உருளும் பேனாக்களையும் விடுங்கள். இப்போது கையில் வைத்திருக்கிறீர்களே, இந்தப் புத்தகம், இது எப்படி வீட்டுக்குள் வந்தது? எல்லோரும் பார்க்க வாசல் வழியாகவா, காய்கறிப் பையின் அடியில் படுத்துக்கொண்டா? யாராவது கேட்டால் என்ன சொல்வதாக உத்தேசம்? சிநேகிதனுடையது என்றா?

தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லும்போது அந்தச் சிநேகிதன் பக்கத்தில் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.