ஏழாம் நம்பர் வண்டி

"இங்க இருந்த மஞ்சள் எழுத்து எங்க சார்?" என்று கேட்டார் மெரிட்.

தூக்கி நிறுத்திய பானெட்டுக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். கென்டக்கியிலிருந்து நான்கு மணி நேரம், பின்னால் காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒஹையோவரை வந்த மனிதர். வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வண்டி முழுக்க ஒட்டிப் பார்த்தார். தகரம் போய் பட்டி பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது. எல்லா இடத்திலும் ஒட்டியது. வண்டியை விற்க நின்ற ஹார்லன் அப்போதே மனசுக்குள் சாவியைக் கொடுத்துவிட்டார்.

"எந்த எழுத்து?"

"சாக்பீஸ்ல ஏழுன்னு எழுதியிருந்துச்சே. விளம்பரத்துல போட்டோ போட்டிருந்தீங்க."

"ஓ, அதுவா. அசிங்கமா இருந்துச்சு. நேத்து மூணு மணி நேரம் உக்காந்து பல் விளக்கற பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்தேன்" என்றார் ஹார்லன் பெருமையாக.

மெரிட் டார்ச்சை அணைத்தார். துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: "அந்த அசிங்கத்தைப் பாக்கத்தான் சார் நான் இவ்வளவு தூரம் வந்தேன்."

சும்மா சொல்லவில்லை அவர். வேகத்துக்கென்றே செய்த, அறுபத்தொன்பதாம் வருஷத்து மஸில் கார் அது. அந்தக் காலத்தில் ஊர்க் கார்க்கடையின் பின்கொட்டகையில் எமெட் ஹாஸ்கெட் என்ற மெக்கானிக், கம்பெனி வைத்த எஞ்சினைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இரண்டு மடங்கு எஞ்சினைத் திணித்து, அது உள்ளே அடங்காமல் பானெட்டில் ஓட்டை போட்டு, பந்தயத் தடத்து ஸ்பிரிங்குகளை மாட்டிப் பதினொரு வண்டிகள் செய்தார். ஒவ்வொன்றிலும் மஞ்சள் சாக்பீஸால் ஒரு நம்பர். இன்று மிஞ்சியிருப்பது மூன்றோ நான்கோதான். மற்ற பழைய கார்களில் கை வைத்திருந்தால் விலை விழும். இதில் அந்தக் கை வைத்ததற்குத்தான் விலை.

அந்த எமெட், ஹார்லனின் மாமனார். ஏழாம் நம்பரைக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தவர்.

முப்பத்தெட்டு வருஷம் ஹார்லன் அதைக் கட்டிக்கொண்டு மாரடித்தார். ரோட்டில் சின்னக் கல் இருந்தாலும் பல்லில் தெரியும். கிளட்ச்சை மிதிப்பது சுவரை உதைப்பது போல. போன மார்ச்சில் இடது முட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று. இனிமேல் அந்தக் கிளட்ச்சில் கால் வைத்தால் என்னைத் தேடி வராதே என்றார் டாக்டர்.

ஓட்டாமல் நிறுத்திவைக்கவும் வழியில்லை. ஞாயிறு தவறாமல் மத்தியானம் இரண்டு மணிக்கு, முதியோர் இல்லத்தில் இருக்கும் எமெட்டை அதில் ஏற்றி ஒரு சுற்று சுற்றி வரவேண்டும். "தேன் மாதிரி ஓடுது மாமா" என்று ஹார்லன் ஒவ்வொரு வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். கிழவருக்கு வயது எண்பத்தொன்பது.

"அப்பா உயிரே அதுலதான் இருக்கு. வித்தோம்னு தெரிஞ்சா அன்னிக்கே போயிருவாரு" என்றாள் மனைவி ரொவீனா.

அதனால் ரகசியமாக விற்றுவிட்டு, வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது, ஒரு பாகம் வரவேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருப்பதாகத் திட்டம். அதில்தான் இந்தச் சாக்பீஸ் குறுக்கே வந்தது.

"உள்ள வாங்க, பீச் பழம் வெச்சு பை பலகாரம் சுட்டிருக்கேன்" என்று ரொவீனா மெரிட்டை அழைத்துப் போனாள். போகும்போதே புருஷனுக்குக் கண்ணைக் காட்டினாள்.

ஹார்லன் நொண்டி நொண்டி ஓடினார். ரொவீனா ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கக் கொண்டுபோகிற பையைத் துழாவி மஞ்சள் சாக்பீஸ் ஒன்றை எடுத்தார். பானெட்டுக்குள் பழைய எழுத்து இருந்த தகட்டில் அழகாக ஏழு போட்டார். பழசாகத் தெரிய வேண்டுமே என்று கொஞ்சம் கரியையும் தடவினார்.

மெரிட் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இங்கதான் இருக்கு. நான்தான் சரியாப் பாக்கல" என்றார் ஹார்லன்.

மெரிட் விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் மஞ்சளானது. "அம்பத்தஞ்சு வருஷத்துச் சாக்பீஸ் இன்னும் விரல்ல ஒட்டுதே சார்."

ஹார்லன் கராஜ் கூரையைப் பார்த்தார்.

"போட்டோவுல ஏழுக்கு நடுவுல குறுக்கா ஒரு கோடு இருக்கு. உங்க ஏழுல அதைக் காணோம். எழுத்தையே இப்படிப் பண்றவர், வண்டியில என்னென்ன பண்ணியிருப்பீங்களோ." மெரிட் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"அட, போலி இல்லைங்க" என்று ரொவீனா குறுக்கே போய் நின்றாள். "இதைச் செஞ்சதே எங்கப்பா. சந்தேகம்னா அவரையே கேட்டுக்குங்க." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மெரிட் தொப்பியைக் கழற்றினார். "எமெட் ஹாஸ்கெட் உயிரோட இருக்காரா?"

"பத்து மைல்ல இருக்காரு. ஆனா, அவர்கிட்ட..."

"அவர் ஒரு தாள்ல ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும். இன்னிக்கே ஏத்திக்கறேன்."

வேறு வழியில்லை. மெரிட் கார்க் கண்காட்சி நடத்துகிறவர், அதற்குத்தான் தாள் கேட்கிறார் என்று சொல்லிவிடலாம் என முடிவாயிற்று.

"எனக்குப் பொய் சொல்ல வராதுங்க" என்றார் மெரிட்.

"நீங்க வாயே திறக்க வேண்டாம். பொய்யெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றாள் ரொவீனா.

மூன்றாவது முயற்சியில் எஞ்சின் உறுமியது. தெரு முழுக்க நாய்கள் குரைத்தன. முன்னால் ஹார்லன், நடுவில் ரொவீனாவின் சின்னக் கார், கடைசியில் மெரிட்டின் டிரெய்லர். ஒவ்வொரு சிக்னலிலும் ஹார்லன் முட்டியைப் பிடித்துக்கொண்டு, இதுதான் கடைசி, இதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டார்.

சத்தம் கேட்டு, இல்லத்தில் எமெட்டைக் கவனித்துக்கொள்ளும் ஓப்பல் என்ற பெண் காகிதக் கப்பும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் இப்படித்தான் கப்போடு நிற்பாள். அதில் இருப்பது பிரஷர் மாத்திரை என்று ஹார்லனுக்கு நினைப்பு.

"என்ன சார் இது, சனிக்கிழமையில வந்து நிக்கறீங்க? சொல்லிட்டு வரக்கூடாதா? அவருக்கு இன்னும் மாத்திரையே குடுக்கல."

எமெட் சக்கர நாற்காலியில் வந்தார். வண்டியைப் பார்த்ததும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி மாப்ள, கிளம்பலாம்" என்று எழப் பார்த்தார்.

"இன்னிக்கு ரவுண்டு இல்ல மாமா. இவர் கண்காட்சி நடத்தறவரு. நீங்க செஞ்ச வண்டின்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா..."

"எந்த ஊர்க் கண்காட்சி?"

"டேட்டன்" என்றார் ஹார்லன்.

"டொலீடோ" என்றாள் ரொவீனா, அதே நேரத்தில்.

எமெட் மெரிட் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி. எந்த ஊரு?"

மெரிட் கண் கலங்க நின்றுகொண்டிருந்தார். பதினாலு வயதிலிருந்து கும்பிட்ட மனிதர் முன்னால் எப்படிப் பொய் சொல்வது. "எனக்கு ஊரு லெக்ஸிங்டனுங்க ஐயா. வண்டியை விலைக்கு வாங்க வந்தேன்."



"மன்னிச்சிருங்க மாமா" என்றார் ஹார்லன். "முட்டி முடியல. ஒவ்வொரு மிதிக்கும் உயிர் போகுது. உங்ககிட்டச் சொல்ல தைரியம் வரல."

எமெட் வண்டியையே பார்த்தார். ரொவீனா அழ ஆரம்பித்தாள்.

"சாக்பீஸ் இருக்கா?" என்றார் எமெட்.

ஹார்லன் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாற்காலியை வண்டிக்கருகே தள்ளிக்கொண்டு போய், பானெட்டைத் தூக்கி, ஹார்லன் போட்ட ஏழைத் துடைத்துவிட்டார்கள். கிழவர் எட்டி, தகட்டில் ஒரே இழுப்பில் ஏழு போட்டு, நடுவில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். மெரிட் போனில் இருந்த போட்டோவை எடுத்து ஒப்பிட்டார். அச்சு அசல் அதே கோடு. தாளிலும் எமெட் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

டிரெய்லர் ஏழாம் நம்பரை ஏற்றிக்கொண்டு முனை திரும்பி மறைந்தது. எமெட் அதுவரை கையை உயர்த்தியே வைத்திருந்தார். பிறகு மகளையும் மாப்பிள்ளையையும் பார்க்காமல், "தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டு, நாற்காலிச் சக்கரத்தைத் தானே உருட்டி வேகவேகமாக உள்ளே போய்விட்டார்.

அழுகையை மறைக்கத்தான் போகிறார் என்று ஹார்லனுக்குப் புரிந்தது. முட்டி இந்த ஒரு வருஷத்தில் இவ்வளவு லேசாக இருந்ததில்லை. அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"ஓப்பல், ரொம்ப நொந்து போயிருப்பாரு" என்றார். "ரெண்டு நாளைக்குக் கொஞ்சம் பக்கத்துலயே இருந்து பாத்துக்கம்மா."

ஓப்பல் காகிதக் கப்பில் இருந்த இரண்டு மாத்திரைகளையும் டப்பாவுக்குள் திருப்பிப் போட்டு மூடினாள்.

"நோவறதா? ஆறு வருஷமா முதுகுவலிக்கு ரெண்டு மாத்திரையைப் போட்டுக்கிட்டுத்தான் சார் அந்த வண்டியில ஏறுவாரு. வரலைன்னு சொல்லிருங்கன்னு நான் சொன்னா, 'என் மாப்ள உயிரே அந்த வண்டியிலதான் இருக்கு, மனசு உடைஞ்சு போயிருவான்'னு சொல்லுவாரு."