கோட்டுக்கு இரண்டடி முன்னால்

பொய் சொல்கிறவனுக்கு ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். அது மட்டும் போதாது. அந்தப் பொய்யை நம்புகிறவர் பஸ் கண்டக்டராக இருக்கவே கூடாது. நான் வீட்டுக்குச் சொன்ன ஒரு பொய்யை என் அப்பா நாவலப்பிட்டியிலிருந்து கண்டி வரைக்கும், தினமும் நாலு தடவை, டிக்கெட்டோடு சேர்த்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கண்டியில் ஒரு தனியார் கொலேஜில் நான் படித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த ஜயந்த சேர் ஒரு மூட்டை பழைய ஹெல்மெட்டுகளோடு எங்களுக்கு விரிவுரையாளராக வந்து சேர்ந்தார். அமெரிக்கன் ஃபுட்போல் டீம் அமைக்கப் போகிறாராம். கண்டியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? பள்ளிக்கூடத்தில் ரக்பி ஆடிய அத்தனை பேரும் போய்ச் சேர்ந்தோம். (ஹெல்மெட் போட்டால் பொம்பளைப் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று நினைத்தோம். பார்த்தார்கள். முகம் தெரிந்தால்தானே.)

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ரக்பியில் உங்களைப் பிடித்து விழுத்தினால் பந்தை உடனே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் விசில். விழும்போதே பந்தை நம் ஆட்கள் பக்கம் பதமாக வைக்க எங்கள் மாஸ்டர் பிரம்பாலேயே படிப்பித்திருந்தார். அமெரிக்கன் ஃபுட்போலில் எல்லாம் தலைகீழ். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, அதே இடத்திலிருந்து மறுபடி ஆடலாம். விழுந்து முடிவதற்குள் கையை விட்டால்தான் ஆபத்து, எதிரி எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். பந்தோடு எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், அதற்குத்தான் புள்ளி.

"மல்லி, எத்தனை தரம் வேணும்னாலும் விழு. பந்தை மட்டும் விடாதே" என்று தம்பி முறை வைத்து ஜயந்த சேர் சிங்களத்தில் கெஞ்சினார். தலைக்கு விளங்கியது, கைக்கு விளங்கவில்லை.

அந்த சீசனில் எங்களுக்கு நாலே மெட்ச். (எங்களோடு ஆட அவ்வளவு பேர்தான் கிடைத்தார்கள்.) முதல் மூன்றிலும் எங்கள் புள்ளி பூச்சியம். மூன்றிலும் நான் பந்தைப் பதமாகக் கீழே வைத்தேன். முதல் மெட்ச் முடிந்து வீட்டுக்குப் போன் எடுத்தபோது, "ஜெயிச்சிட்டோம்பா, நான்தான் டச்டவுன் போட்டேன்" என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு, ஓடுகிற பஸ்ஸிலிருந்து எப்படி இறங்குவது? அடுத்த இரண்டு மெட்ச்சையும் போனிலேயே ஜெயித்தேன்.

நாலாவது மெட்ச் கண்டியிலேயே நடந்தது. அப்பா லீவு போட்டுவிட்டார். அம்மா, ஒரு சட்டி உளுந்து வடை, ஒரு செவ்வந்தி மாலை, பஸ்ஸில் தினமும் வரும் ஆறு பேர் என்று பரிவாரத்தோடு வந்து இறங்கினார். ஒரே ஒரு டச்டவுன் போட்டுவிட்டால் போதும், அந்த ஆறு பேருக்கு முன்னால் அப்பாவின் முகம் கறுக்காமல் தப்பிவிடும். முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொண்டு இறங்கினேன்.

மழை பிடித்துக்கொண்டது. அரைமணி நேரத்தில் இரண்டு டீமும் ஒரே சேற்று நிறம். கடைசி நிமிடத்தில் எனக்கு வீசிய பந்து நெஞ்சில் வந்து ஒட்டிக்கொண்டது. ஓடினேன். முன்னால் ஈ காக்கை இல்லை. கோட்டுக்கு இரண்டடி இருக்கும்போது பின்னால் வந்தவன் கணுக்காலைப் பிடித்தான். அப்படியே குப்புற விழுந்திருந்தால் பந்து கோட்டைத் தாண்டியிருக்கும். நானோ விழுகிற வழியிலேயே உடம்பைத் திருப்பி, இரண்டு கையாலும், சாமிக்குப் படையல் வைப்பதுபோல் பந்தைப் பின்னால் வைத்தேன். எங்கள் மாஸ்டர் பார்த்திருந்தால் கண்கலங்கியிருப்பார்.

எதிர் டீம்காரன் ஒருவன் அதை அள்ளிக்கொண்டு மைதானத்தின் மறுமுனைக்கு ஓடினான். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ரைட், ரைட், போ, போ, போ."

அப்பாதான். சேற்றிலும் ஹெல்மெட்டிலும் ஆள் அடையாளம் தெரியாமல், பந்து வைத்திருப்பவன் தன் மகன்தான் என்று முடிவுகட்டி, கோட்டோரமாக அவனோடு கூடவே ஓடிக்கொண்டிருந்தார். அவன் டச்டவுன் போட்டதும் கழுத்தில் மாலையைப் போட்டார். அம்மா ஹெல்மெட் கம்பி இடுக்கில் வடையை ஊட்டினார். அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். கொழும்புப் பையன், என்னைவிட நாலு மடங்கு அழகு.

"தம்பி, நீங்க யாரு?" என்றார் அப்பா.

"சொரி அங்கிள்" என்றான் அவன், வாயில் வடையோடு.

அப்பா மைதானம் முழுக்க நடந்து என்னிடம் வந்தார். நான் இன்னும் சேற்றில்தான் கிடந்தேன்.

"ஏன்டா அத கீழ வச்ச?"

"அதுதான்பா சட்டம்."

"என்ன சட்டம்?"

"ரக்பி சட்டம்."

"இப்ப வெளாண்டது ரக்பியா?"

"இல்லப்பா."

"அப்ப மத்த மூணு மெட்ச்சு?"

"அதுலயும் கீழதான் வச்சேன்."

திட்டியிருந்தால் தேவலை. தூரத்தில் நின்ற ஆறு பேரையும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு கைகொடுத்துத் தூக்கி, "எந்திரி, வடை மிச்சம் இருக்கு" என்றார். அந்த ஆறு பேரும் மிகவும் கண்ணியமானவர்கள். அடுத்த நாள் முதல் ட்ரிப் வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

டீம் அந்த சீசனோடு கலைந்தது. கதை கலையவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் என் கையில் குழம்புச் சட்டியை நம்பிக் கொடுக்க ஆளில்லை. போன வருடம் எனக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் குழந்தையை என் பக்கம் நீட்டியபோது, "கொஞ்சம் பொறுங்கம்மா" என்று அப்பா குறுக்கே வந்தார். என் இரண்டு முழங்கைகளுக்கும் கீழே தன் கைகளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"இது ரக்பி இல்லடா."