என் வெற்றிக்கதையும் சித்தப்பாவின் தண்ணீர் மிசினும்

ஒரு பொய்யை நம்பவைப்பது பெரிய காரியமே இல்லை. நம்பவைத்த பொய்யைப் பொய்தானென்று நம்பவைக்கத்தான் உயிர் போகும். உரும்பிராயில், இருபத்துநாலு வயதில், படித்து முடித்து அரசாங்க வேலைக்குக் காத்திருந்த காலத்தில் இதைக் கண்டுபிடித்தேன்.

போனைத் திறக்கும்போதெல்லாம் ஒரு விளம்பரம் வந்து நிற்கும். "நித்திரையிலும் உழையுங்கள்! ஏழே பாடங்கள்! இன்னும் பதினொரு இடங்கள் மட்டுமே!" ஒரு மாதமாக அந்தப் பதினொன்று பத்தாகவில்லை. (அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பட்டதாரி அல்லவா, உறைக்கவில்லை.) காசைக் கட்டினேன். பாடம் வரமுதல் ஒரு செய்தி வந்தது. என் வெற்றிக்கதையைப் படத்துடன் அனுப்பினால் கட்டணத்தில் பாதி திரும்பக் கிடைக்குமாம்.

இன்னும் ஒரு பாடமும் படிக்கவில்லையே என்று கேட்டு எழுதினேன். "முதலில் நம்பி எழுதுங்கள் சகோதரி, வெற்றி பின்னால் வரும்" என்று பதில் வந்தது.

பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் நான். சும்மா விடுவேனா? "எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் இருந்தபடியே மாதம் இரண்டு இலட்சம் உழைக்கிறேன். விடியக் கண் விழித்தால் காசு வந்து கிடக்கிறது" என்று எழுதி, கிணற்றுக்கட்டில் சாய்ந்து நின்று எடுத்த படத்தையும் அனுப்பினேன். பாதிக் காசு திரும்பி வரவேயில்லை. பாடங்கள் மட்டும் வந்தன. முதல் ஆறும் வெற்றியாளரைப் போல நினைக்கச் சொல்லித் தந்தன. ஏழாவது, இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிடச் சொன்னது.

கதையை அனுப்பிய மூன்றாம் நாளே என் முகம் விளம்பரத்தில் வந்தது, பின்னால் காசுத்தாள் மழை பெய்ய. அன்று பின்னேரமே சித்தப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். வெங்காயத் தோட்டக்காரர். சுன்னாகம் சந்தைத் தராசையே நம்பாமல், வீட்டில் ஒருமுறை நிறுத்துக்கொண்டு போகிறவர். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் அவருடைய மிசின் பழுதாகி, திருத்துவதற்கான காசு சட்டைப்பையில் இருந்தது. மிசின் ஓடாவிட்டால் நட்ட வெங்காயம் வாடிவிடும். 

"பிள்ளை, எனக்கும் உந்தப் பாடத்தைக் காட்டன்."

"ஐயோ சித்தப்பா, அது சும்மா எழுதினது. எனக்கு ஒரு சதமும் வரேல்லை."

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். எங்கள் ஊரில் காசு உள்ளவர்கள் எவரும் உண்டென்று சொல்வதில்லை, கண்ணூறு பட்டுவிடும். வெங்காயம் என்ன விலை போனாலும் "ஏதோ போகுது" என்பதோடு சரி. ஆகவே நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, அவர்கள் மனதில் இரண்டு இலட்சம் நாலாக ஏறிக்கொண்டிருந்தது. ஆத்திரத்தில் வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினேன்.

"உது ஆக்களுக்குக் காட்டுற புத்தகம்," என்றார் சித்தப்பா. "மற்றதை எடு."

"மற்றது இல்லை!"

"அப்பிடித்தான் சொல்லோணும்," என்று தலையாட்டிய அம்மா, எனக்குச் சுற்றிப்போடச் செத்தல் மிளகாய் எடுக்கக் குசினிக்குள் போனார்.

அரைமணி நேரம் தலைப்பாடாய் அடித்தேன். நான் எழுதியதை நம்பினார்கள், நான் சொன்னதை நம்பவில்லை. மிசின் காசை மட்டும் தொடாதேங்கோ என்று கெஞ்சினேன். "நீ இருந்துகொண்டு உழைக்க, நான் தண்ணி இறைக்கிறதோ?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இரண்டு கிழமையில் அதே விளம்பரத்தில் சித்தப்பா! வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, பின்னால் அவருடைய தோட்டத்துக் கிணறு. "மிசினும் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம். மாதம் நாலு இலட்சம்." இந்த வெற்றிக்கதைகள் எப்படி எழுதப்படுகின்றன என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஆனாலும், சொல்ல வெட்கமாயிருக்கிறது, நான் நம்பினேன். மூன்றாம் பாடத்தை நான்தான் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு அவருடைய தோட்டத்துக்கு ஓடினேன்.

வெங்காயத் தாள்கள் நுனி மஞ்சளாகிக் கிடந்தன. சித்தப்பா வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா... மூண்டாம் பாடத்திலை என்ன செய்தனீங்கள்?"

வாளியைக் கீழே வைத்தார். "பாதிக் காசாவது திரும்பட்டுமெண்டு எழுதினனான், விசரி! அவங்கள் எழுதச் சொல்லேக்கைதான் நீ எப்பிடி எழுதினனியெண்டு எனக்கு விளங்கினது." பிறகு இன்னொரு வாளியை என்னிடம் நீட்டினார். "பிடி."

மிசின் திருத்தும்வரை அந்த வெங்காயம் என் கையால்தான் தண்ணீர் குடித்தது. நித்திரையில் உழைக்கவிருந்தவள் நித்திரையை விட்டு எழும்பி, நாரிப் பிடிப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்வந்தேன்.

வருடம் திரும்பமுதல் கோப்பாயிலிருந்து எனக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் மெல்லக் கேட்டார்: "பிள்ளை போனிலை நல்லாய் உழைக்கிறாவாம்?"

இந்த முறையாவது உண்மை வெல்லட்டும் என்று நினைத்தேன். "இல்லை மாமி, அது பச்சைப் பொய். ஒரு சதமும் இல்லை."

மாமியின் முகம் மலர்ந்தது. "அடக்கமான பிள்ளை," என்று மகனிடம் சொன்னார். மூலைக் கதிரையில் இருந்த சித்தப்பா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கலியாணமாகி ஆறு வருடமாகிறது. மாமி இன்னமும் என் அலுமாரியைத் துடைத்துத் தருகிறேன் என்று கிழமைக்கொரு தடவை அறைக்குள் போகிறார். சித்தப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்தால், தேத்தண்ணி குடிக்கமுதல் கேட்பது ஒன்றுதான்.

"என்ன பிள்ளை, மாமி மற்றப் புத்தகத்தைக் கண்டுபிடிச்சிட்டாவோ?"