மாப்பிள்ளைக்குப் பாதி விலை

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை எடுக்க வருகிறவர்கள் விலையைக் குறைக்கச் சொல்லி அரை நாள் மல்லுக்கு நிற்பார்கள். அதே கடை வாசலில் ஆள் உயரத்துக்குத் தொங்கும் தள்ளுபடிப் பலகையை ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். தானே கேட்டு வாங்கினால்தான் தள்ளுபடி. கடைக்காரர் தானாகக் கொடுத்தால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறுவதற்குள் என்னால் ஒரு கல்யாணமே நின்றுவிடப் பார்த்தது.

நானும் என் கணவர் தேவாவும் செவிலிமேட்டில் ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறோம். படம் எடுப்பது அவர் வேலை. ஆல்பம் தயாரிப்பது, வாடிக்கையாளர்களிடம் பேசுவது, அவர் மறந்து வைத்துவிட்டுப் போன பேட்டரியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவது இதெல்லாம் என் வேலை. சில வருடங்களுக்கு முன்னால், போனிலேயே ஆல்பம் ஆர்டர் செய்வதற்கு ஒரு இணையப் பக்கம் தொடங்கினோம். அதில் நானே யோசித்து ஒரு சலுகை வைத்தேன். ஒரு ஆல்பம் எடுத்தால் இன்னொன்று பாதி விலை. பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. செய்ய வேண்டியதெல்லாம், பக்கத்தின் கீழே 'தள்ளுபடிக் குறியீடு' என்று இருக்கும் கட்டத்தில் 'ஜோடி' என்று எழுதுவதுதான். இந்த யோசனை வந்த அன்றைக்கு, மேலாண்மைக் கல்லூரிகள் என்னைச் சிறப்புரைக்குக் கூப்பிடும் என்றே நம்பினேன்.

ஒருவரும் எழுதவில்லை. கட்டத்தைத் தாண்டிப் போய் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, அதற்குப் பிறகு போன் செய்வார்கள். "கட்டிட்டேம்மா. ஏதாவது பாத்துக் கொறச்சிக்கக் கூடாதா?" ஒரு அம்மா அந்தக் கட்டத்தில் 'பழைய ரேஷன் கடை எதிரில்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தார். (எது வேண்டாம் என்று இன்றுவரை தெரியவில்லை.)

"வுட்டுடு ஸ்டெல்லா. அவங்களே வேணாங்கும்போது உனுக்கு இன்னா?" என்றார் தேவா.

என்னால் விட முடியவில்லை. கொடுக்கிறேன் என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், ஒருவரும் வாங்காமல் போனால் எரிச்சல் வராதா? எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்க்கும்போது அறிவித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு வாய்த்தது கலைவாணியின் கல்யாண வரவேற்பு.

கலைவாணி பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண். காந்தி ரோட்டில் ஒரு பெரிய பட்டுக் கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தாள். மாப்பிள்ளை தினேஷுக்கு ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை, ஊர் வாலாஜா. பேசினால் நாலு வார்த்தைக்கு மேல் தாண்டாத பையன். அவனுக்கு முன்பு பார்த்த இரண்டு மூன்று இடங்கள் ஏதேதோ காரணத்தால் தட்டிப் போயிருந்தன. அதனால் அவனுடைய தாய்மாமா கோதண்டம் முறுக்கிய கயிறு மாதிரியே மண்டபத்துக்குள் வந்தார். காபியில் சர்க்கரை குறைந்தால்கூட அது தன் மருமகனுக்கு நேர்ந்த அவமானம் என்று நினைக்கிற நிலைமையில் இருந்தார். விடிந்தால் முகூர்த்தம்.

மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்இடி திரை. அதில் முதலில் மாப்பிள்ளையின் படங்களும் பிறகு பெண்ணின் படங்களும் வரிசையாக ஓடும்படி நான் தயார் செய்து கொடுத்திருந்தேன். எல்லாப் படங்களும் முடிந்த பிறகு, கடைசியாக ஒரு ஆல்பத்தின் படத்தோடு என் அறிவிப்பு வரும். சிவப்பு நட்சத்திரத்துக்குள் கொட்டை எழுத்தில் 'மாபெரும் தள்ளுபடி! ஒன்று எடுத்தால் இன்னொன்று பாதி விலை! இருப்பு உள்ளவரை மட்டுமே!' அதற்குக் கீழே அடக்கமாக எங்கள் ஸ்டுடியோ பெயர். கலைவாணியிடம் முன்பே அனுமதி கேட்டிருந்தேன். "போட்டுக்கோங்கக்கா, இதுல இன்னா இருக்குது" என்று சொல்லியிருந்தாள். பாவம்.

அறிவிப்பைச் சேர்த்து முடிக்கும்போது கம்ப்யூட்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. இதை இந்தப் படத்துக்கு மட்டும் சேர்க்கவா, எல்லாப் படங்களுக்குமா? நான் எதையும் படித்துப் பார்க்காமல் சரி என்று அழுத்தினேன். (வாடிக்கையாளர்கள் எதையும் படிப்பதில்லை என்று வருடக்கணக்கில் புலம்பியவள் நான்தான்.)

ஏழு மணி வாக்கில் மண்டபம் நிறைந்திருந்தது. கீழே சமையல்கட்டிலிருந்து தாளிப்பு வாசனை மாடி மண்டபம்வரை வந்துகொண்டிருந்தது. திரையில் முதல் படம் வந்தது. மாகறல் கோயில் மதில் ஓரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு, எங்கோ தூரத்தில் பார்க்கும் தினேஷ். அவன் நெஞ்சின் மேல் சிவப்பு நட்சத்திரம். மாபெரும் தள்ளுபடி. இருப்பு உள்ளவரை மட்டுமே. திரை அகலமானது, நான் தயாரித்த படங்கள் உயரமானவை. அதனால் கீழே இருந்த ஸ்டுடியோ பெயர் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. மிச்சம் இருந்தது தினேஷும் அவனுடைய விலையும்தான்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. தினேஷ் கைக்குழந்தையாக, உடம்பில் அரைஞாண் கயிறு தவிர வேறொன்றும் இல்லாமல் குப்புறப் படுத்திருந்தான். மாபெரும் தள்ளுபடி. அதற்கடுத்தது, தினேஷும் இன்னும் கல்யாணமாகாத அவன் தம்பியும் தோளில் கைபோட்டு நிற்கும் படம். ஒன்று எடுத்தால் இன்னொன்று பாதி விலை.

மண்டபம் அதிர்ந்தது. பெண் வீட்டு அத்தைகள் சிலர் அந்தத் தம்பி எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று நிஜமாகவே எட்டிப் பார்த்தார்கள்.

கேமராவில் கண்ணை வைத்திருந்த தேவாவுக்குத் திரை தெரியவில்லை. "ஊரே சிரிக்குது, நீங்க ரெண்டு பேரும் ஏன் இப்டி மொறச்சிக்கினு நிக்கிறீங்க? கொஞ்சம் சிரிங்கப்பா!" என்று மேடையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் திரையை இயக்குகிறவரைத் தேடி ஓடினேன். அவர் இடத்தில் இல்லை. கீழே பந்தியில் இருந்தார். நான் மூச்சிரைக்கப் போய் நின்று, "அண்ணா, வாங்க, திரைய நிறுத்துங்க!" என்றேன். அவர் இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரசம் வந்துடட்டும்மா" என்றார். ரசம் வந்தது. குடித்தார். அதற்குள் மேலே தினேஷ் பள்ளிக்கூடம் முடித்து, டிப்ளமா வாங்கி, வேலைக்கும் சேர்ந்து, எல்லாக் கட்டத்திலும் பாதி விலையிலேயே இருந்திருப்பான்.

கடைசியில் நானே ஓடி வந்து கையில் கிடைத்த ஒயரைப் பிடுங்கினேன். திரை அணைந்தது. கூடவே மேடை விளக்குகளும் அணைந்தன. யாரோ வேறு இணைப்பில் விளக்குகளைப் போட்டபோது மேடை நடுவில் கோதண்டம் மாமா நின்றுகொண்டிருந்தார்.

"எவன்யா இதப் போட்டது? எங்க வூட்டுப் பசங்க இன்னா ஆடித் தள்ளுபடியா? வர்றவன் போறவன்லாம் சிரிச்சிக்கினு இருக்கான்! டேய் தினேஷ், மாலைய கழட்டுடா. வண்டிய எடுக்கச் சொல்லு!"

சிரிப்பு சட்டென்று நின்றது. தினேஷின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கலைவாணியின் அப்பா மேடைப் படிக்கட்டில் கைகளைக் கூப்பியபடி நின்றார். தினேஷ் மாலையைக் கழற்றவில்லை, ஆனால் தலையும் நிமிரவில்லை. என் கையில் இன்னும் அந்த ஒயர் இருந்தது. "நான்தான் சார்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது கலைவாணி ஒரு அடி முன்னால் வந்தாள். பாட்டுக் கச்சேரிக்காரரிடம் கையை நீட்டி மைக்கை வாங்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடையில் வாடிக்கையாளர்களை வரவேற்கும் அதே குரலில் ஆரம்பித்தாள்.

"எல்லாரும் போர்ட படிச்சீங்களாப்பா? ஒன்னு எடுத்தா இன்னொன்னு பாதி வெலையாம்." ஒரு நொடி நிறுத்தினாள். "எனக்கு ஆஃபர் வேணாம். இந்த ஒன்னே போதும்."

மண்டபம் மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை அது வேறு சிரிப்பு. கைதட்டலோடு கலந்த சிரிப்பு. தினேஷ் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். காதுவரை சிவந்திருந்தான்.

கோதண்டம் மாமா மட்டும் இறங்கி வரவில்லை. "சிரிப்பா இருக்குதா உங்களுக்கு?" என்றார்.

கலைவாணி மைக்கை இறக்கினாள். அவர் பக்கத்தில் போய் நின்றாள். முன்வரிசைக்கும் எனக்கும் மட்டும் கேட்கும் குரலில் பேசினாள்.

"மாமா, பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்கப்பா நக எவ்ளோ போடணும்னு இழுத்துக்கினே நின்னாரு. உங்க மருமவன் இன்னா சொன்னாரு, ஞாபகம் இருக்குதா? 'ஒன்னும் வேணாம், பொண்ணு போதும்'னாரு. அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசல. அதத்தான் இப்ப நானும் சொன்னேன். வெலையே பேசாதவருக்கு எவன் மாமா தள்ளுபடி போட முடியும்? கம்ப்யூட்டர் தப்பா போட்டுச்சு. நாம சரியாத்தான் எடுத்திருக்கோம்."

மாமா அவளைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். பிறகு வேட்டியை ஒருமுறை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "பந்தில வெத்தல பாக்கு வெச்சிக்கிறாங்களா?" என்றார். அவர் கோபம் இறங்கியதற்கு வாலாஜாவில் அதுதான் அடையாளமாம். தினேஷின் தம்பி பிறகு சொன்னான்.

இப்படி ஒரு நிலைமையில் நான் மணப்பெண்ணாக இருந்திருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பேன். இல்லாவிட்டால் போட்டோகிராபரின் மனைவியைக் கடித்திருப்பேன். கடையில் நாள் முழுக்கப் புடவைகளை விரித்துக் காட்டி, ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகிறவர்களையும் சிரித்த முகத்தோடு வழியனுப்புகிற பெண் அவள். அந்தப் பொறுமையையும் நாவன்மையையும் தன் கல்யாண மேடையிலேயே எடுத்து விரித்துக் காட்டினாள். அவ்வளவு நகையும் போட்டுக்கொண்டு, அவ்வளவு கனமான புடவையில், ஒரு சொல் தடுமாறாமல் அவள் பேசியதை நினைத்தால் இன்றும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

மேடைக்குப் பின்னால் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அய்ய, இன்னாக்கா இது" என்றாள். "நீங்க அழுதா எனக்கும் வந்துடும். மேக்கப்புக்கு எவ்ளோ குடுத்திருக்கேன் தெரியுமா? ஆமா, அந்த ஆஃபர் நெசமா எதுக்கு?"

"ஆல்பத்துக்கும்மா. ரெண்டாவது ஆல்பம் பாதி வெல."

"அத ஒருத்தரும் படிக்கலக்கா. எல்லாரும் மாப்பிள்ளைக்குன்னே நெனச்சிக்கினாங்க" என்றாள்.

உண்மைதான். மண்டபமே என் தள்ளுபடியை வாசித்தது, வாய்விட்டுச் சிரித்தது, வீட்டுக்குப் போய் மற்றவர்களிடமும் சொன்னது. ஒரே ஒருவர்கூட அதைக் கேட்டு எங்களிடம் வரவில்லை. கல்யாணம் முடிந்து கலைவாணியே போனில் இரண்டு ஆல்பம் ஆர்டர் செய்தாள். இரண்டுக்கும் முழு விலை கட்டியிருந்தாள். கட்டம் காலியாக இருந்தது. நானே கூப்பிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பினேன். அன்றோடு அந்தக் கட்டத்தையும் எடுத்துவிட்டேன். இப்போது தள்ளுபடி தானாகவே கழிந்துவிடுகிறது. (அதற்கும் போன் வருகிறது. "வெல கம்மியா காட்டுதே, ஆல்பம் அட்ட மட்டமா இருக்குமா?")

தினேஷை இரண்டு குடும்பத்திலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஆஃபர் மாப்பிள்ளை'தான். ரேஷன் கார்டில் மட்டும் தினேஷ் என்று இருப்பதாகக் கேள்வி. அவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறான். தம்பிக்கு இன்னும் பெண் தேடுகிறார்கள். போகிற இடத்திலெல்லாம் "இவருதான் அந்தப் பாதி வெலையா?" என்று கேட்கிறார்களாம். அந்தப் பாவத்தை நான் எங்கே போய்க் கழுவுவது?

போன மாதம் வாலாஜாவிலிருந்து ஒரு போன். கோதண்டம் மாமா. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றே பேசினேன்.

"ஏம்மா, எம் பொண்ணு கல்யாணம். போட்டோ நீங்கதான் எடுக்கணும். எங்க கலை சொல்லிட்டா. திரையும் வையி, எல்லாம் வையி."

"சரிங்க சார். இந்த முறை மாப்பிள்ளை படத்து மேல ஒரு எழுத்துகூட வராது சார். சத்தியமா."

மறுமுனையில் அவர் வெற்றிலை மெல்லுவது கேட்டது.

"இல்லம்மா, வரட்டும். எங்க சனம்லாம் அத எதிர்பாக்கும்" என்றார். "ஆனா, 'கறார் விலை'ன்னு போட்டுடு."