எண்ணெய் வெச்ச டிஸ்கும் மச்சான் வீட்டு வாழையும்

போன வாரம் எனக்கு ஒரே ஒரு வேலைதான். மகன் காருக்கு பிரேக் டிஸ்க் மாத்தணும்.

மகனுக்கு சிங்கப்பூர்ல வேலை. இங்க மலேசியாவுல, லாபு ஊர்ல, எங்க வீட்டு வாசல்ல யானைக்குட்டி மாதிரி ஒரு சொகுசு எஸ்யூவியை நிறுத்திட்டுப் போயிருக்கான். பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் நடுங்குது.

"அப்பா, தீபாவளிக்கு வந்து பிள்ளைங்களோட கேமரன் மலைக்குப் போகணும். நல்ல டிஸ்கா பார்த்துப் போட்டு வைங்க."

சக்கரத்துக்குள்ள தட்டு மாதிரி ஒண்ணு சுத்துமே, அதுதான் டிஸ்க். பிரேக் கட்டை அதைக் கவ்வினாத்தான் கார் நிக்கும். ரப்பர் தோட்டத்து லோரி ஓட்டினவன் நான். எனக்கா தெரியாது?

லுக்குட் டவுன்ல ஒரு சீன முதலாளி கார்ச் சாமான் கடை வெச்சிருக்கான், எல்லாருக்கும் அவன் 'தவுக்கே'. நம்ம ஆளுங்களோட பழகி, தமிழ் நல்லாப் பேசுவான். மேசையில மூணு டிஸ்க் வெச்சான். ஒண்ணு மொழுமொழுன்னு இருக்கு. ஒண்ணு முழுக்க ஓட்டை. இன்னொண்ணுல கோடு கோடா வெட்டு.

"இரும்பைக் குடைஞ்சு எடுத்துட்டு, ஓட்டைக்கு விலை கூடவா கேக்குற? எடுத்த இரும்பு எங்க?"

"சூடு போறதுக்கு அங்கிள். குடும்பம் போற காடிக்கு மொழுமொழு போதும்லா."

நானும் அதையே எடுத்திருப்பேன். வாய் சும்மா இருக்குமா?

"இந்தக் கோடு போட்டதை எவன் வாங்குவான்?"

"உங்க லாபு ஆளுதான். மணியம். பிக்கப்புக்குப் போட்டாரு."

மணியம் என் தங்கச்சி புருஷன். தன் மகள் கல்யாணப் பத்திரிகையை எனக்கு, தாய்மாமனுக்கு, வாட்ஸ்அப்ல அனுப்பின மகராசன்! வெத்தலை பாக்கு இல்லை. நேர்ல ஒரு வார்த்தை இல்லை. கடைசியில கைகூப்பின பொம்மை ஒண்ணு. அன்னிக்கே சொல்லிட்டேன், "இந்த ஜென்மத்துல உங்க வாசல்ல என் கால் படாது."

கல்யாணம் கோயில்ல நடந்துச்சு. போனேன், சாப்பிட்டேன். அது வேற.

"தவுக்கே, ஓட்டையும் கோடும் சேர்ந்தது இருக்கா?"

"இருக்கு. ரேஸ் ஓட்டுறவங்க போடுறது."

"எடு!"

நாலு சக்கரத்துக்கும் மாட்டியாச்சு. வீட்டுக்கு வந்து காரைக் குளிப்பாட்டினேன். விடிஞ்சு பார்த்தா, புது டிஸ்க் எல்லாம் செவ செவன்னு துரு!

ஏமாத்திட்டான் பாவி! இருந்தாலும், பால்வெட்டுக் கத்தியில இருந்து காடு வெட்டுற பாராங்கு வரைக்கும் துருவை எண்ணெயால ஓட்டின கை இது. சக்கரத்துக் கம்பி இடுக்குல கையை விட்டு, தேங்காயெண்ணெயைத் துணியில தொட்டு நல்லா தேய்ச்சேன். கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆச்சு. ஆளுக்கொரு குங்குமப் பொட்டும் வெச்சேன்.

வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, பிரேக்குல எண்ணெய் தடவலாமா?"

"நீ லோரி ஓட்டியிருக்கியா?"

உள்ள போயிட்டாள்.

தோட்டத்து முனியாண்டி கோயில்ல ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கிட்டு வரலாம்னு கிளம்பினேன். எங்க வீட்டைத் தாண்டினா இறக்கம். இறக்கம் முடியற வளைவுல மணியம் வீடு. வழக்கம்போல மூஞ்சியை மறுபக்கம் திருப்பிக்கிட்டு பிரேக்கை மிதிச்சேன்.

கார் நிக்கலை. வழுக்கிக்கிட்டே போகுது!

ரெண்டு காலாலயும் மிதிச்சேன். ஹேண்ட்பிரேக்கைத் தேடினா, கம்பியே இல்லை, எல்லாம் பட்டன்! ஒண்ணை அழுத்தினேன். கூரை திறந்துச்சு. "முனியாண்டி!"ன்னு கத்தினது மேல வழியா ஊருக்கே கேட்டிருக்கும்.

திறந்து கிடந்த கேட்டுக்குள்ள நேரா நுழைஞ்சு, மணியம் வீட்டு வாழைக்கூட்டத்துல போய் உக்காந்துச்சு கார். திறந்த கூரை வழியா ஒரு வாழைப்பூ என் மடியில விழுந்துச்சு.

மணியம் கைலியோட ஓடி வந்தார். நான் முழுசா இருக்கேன்னு பார்த்ததும் நிதானம் வந்துடுச்சு.

"வாங்க மச்சான். வழி ஞாபகம் இருக்கே!"

"நான் வரலை. கார்தான் வந்துச்சு."

"சரி, இறங்குங்க."

"இறங்க மாட்டேன். என் கால் படாதுன்னு சொன்னேன், படாது."

தங்கச்சி அழுதுக்கிட்டே வந்தாள். "அண்ணே, அடி பட்டுச்சா? உங்க ரோஷத்துல தீயை வெக்க!" திட்டிக்கிட்டே ஜன்னல் வழியா தேத்தண்ணி நீட்டினாள். குடிச்சேன். தேத்தண்ணிக்குக் கால் வேணாமே.

மணியம் குனிஞ்சு, டிஸ்கைத் தொட்டு, விரலை மோந்து பார்த்தார். "மச்சான், இது தலைக்கு வெக்கிற எண்ணெய்தானே?"

நான் வாழைப்பூவைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அவரே தவுக்கேயைக் கூப்பிட்டார். அவன் வந்து பொட்டைப் பார்த்துட்டு, விழுந்து விழுந்து சிரிச்சான். "அங்கிள், தண்ணி பட்டா லேசா துரு வரும். ரெண்டு தடவை பிரேக் பிடிச்சா தானா போயிடும்லா!"

லோரி பிரேக் மூடியே கிடக்கும். நான் எங்க கண்டேன்?

டிஸ்கைக் கழுவி, எண்ணெய் குடிச்ச பிரேக் கட்டைகளை மாத்தி முடிக்கிற வரைக்கும் நான் சீட்டை விட்டு அசையலை. மத்தியானச் சோறும் ஜன்னல் வழியாதான் வந்துச்சு. கருவாட்டுக் குழம்பு.

கிளம்புறப்ப மணியம் சட்டையை மாட்டிக்கிட்டு, தங்கச்சியோட வந்தார். கையில தட்டு. வெத்தலை, பாக்கு, பழம், பத்திரிகை.

"மச்சான், பேரனுக்குக் காது குத்து. அன்னைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினது தப்புதான். நீங்கதான் முன்னால நிக்கணும்."

ஜன்னல் வழியா ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன். கண்ணுல ஏதோ தூசி. கூரை திறந்து கிடந்துச்சுல்ல.

ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பார்த்தேன். பத்திரிகை வெக்கிறவர்தானே வீடு தேடி வரணும்? இதுல போனது நான்!

இதை நான் மறக்க மாட்டேன்.