முதல் வாய் அப்பாவுக்கு

வெண்ணெய் தடவிய ரொட்டியைக் குட்டி தட்டோடு தள்ளிவிட்டாள்.

"அப்பா முதல்ல சாப்பிடணும். அப்புறந்தான் நான்."

தையற்காரம்மாவுக்குத் தலை சுற்றியது. கணவரின் ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டதென்று டாக்டரம்மா சொன்ன அன்றே வெண்ணெயை வீட்டைவிட்டு விரட்டியவள் அவள். விரட்டிய வேகத்தில் நாலு வயது மகளும் சேர்ந்து இளைத்துப்போனாள். "குறைக்கச் சொன்னது அவருக்குத்தாம்மா. வளர்ற பிள்ளைக்குக் கொழுப்பு வேணும்" என்று டாக்டரம்மா கடிந்துகொள்ள, வெண்ணெய் மறுபடி வீட்டுக்குள் வந்தது. குட்டிதான் மசியவில்லை.

"என்னங்க, ஒரே ஒரு வாய் கடிச்சுக் காட்டுங்களேன்."

"ஐயோ, எனக்கு ஆகாதே!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு, கசப்பு மருந்து குடிப்பவர் போல ஒரு வாய் கடித்தார். குட்டியும் கடித்தாள். பெற்ற வயிறு குளிர்ந்தது.

மறுநாள் ஒரு வாய் செல்லுபடியாகவில்லை. அப்பா முழுத் துண்டையும் தின்றாக வேண்டுமாம். தையற்காரம்மா அவர் ரொட்டியில் மட்டும் மசித்த உருளைக்கிழங்கைத் தடவி ஏமாற்றப் பார்த்தாள். குட்டி முகர்ந்து பார்த்து, "இது போங்கு!" என்று வீட்டையே இரண்டாக்கினாள். அதற்கு அபராதமாக அப்பா இரண்டு துண்டு தின்ன வேண்டியதாயிற்று. பாலுக்கும் அதே சட்டம் வந்தது. பாலாடைக்கட்டியும் தப்பவில்லை.

"பிள்ளைக்காக இதுகூடச் செய்யலேன்னா நான் என்ன அப்பன்?" என்று அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். தையற்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான்!

குட்டிக்குக் கன்னம் உப்பியது. அவருக்கு வயிறு உப்பியது. கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துப் பிரித்துத் தைத்ததில் உள்ளே மடித்துவிட்டிருந்த துணியெல்லாம் தீர்ந்துபோனது. பிரிக்க இனித் தையலே இல்லை என்றானதும் அவளுக்குப் பகீரென்றது. இரண்டு பேரையும் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"பிள்ளை ஜம்முனு இருக்கா. இவர் கதைதான் மோசம். இப்படியே தின்னா மாரடைப்புதான்."

"அவரைத் திட்டாதீங்க டாக்டர். பெத்த பாசத்துல உயிரையே பணயம் வைக்கிறாரு" என்று தையற்காரம்மா விசும்பினாள். கணவர் அடக்கமாகத் தலைகுனிந்துகொண்டார்.

அம்மா அழுவதைக் கண்டு குட்டிக்கும் உதடு பிதுங்கியது. டாக்டரம்மா அவசரமாக மேசை டப்பாவைத் திறந்து ஒரு வெண்ணெய் பிஸ்கட்டை நீட்டினார்.

ஆசையாகக் கை நீட்டிய குட்டி, பாதியில் நிறுத்தி அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, இங்கயும் நீதான் முதல்ல சாப்பிடணும்னு அழணுமா?"